சுளகின் ஓரத்தில் ஒதுக்கிய சோளம்

பலாங்கொடை தெல்லவத்தைத் தோட்டத்தின் பிள்ளைக் காப்பக முன்றலில், 2006 ஆவணி மாதம் நடந்த இரங்கல் கூட்டத்தில் டீமேக்கர் செல்லையா ஆற்றிய உரை

மேடையில் அமர்ந்திருக்கும் தோட்டத் துரை அவர்களே, தோட்டத் தலைவர் இருளப்பன் அவர்களே, இந்த மழையிலும் பலாங்கொடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறி வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர் முக்தார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் விஜயகலா டீச்சரின் மகள் நிரோஷாவே, கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, தேயிலை ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் தோழர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஒருவர் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றார். இன்னொருவர் "சேவைச் செம்மல்" என்றார். உள்ளபடி சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தச் சொற்களை எத்தனை கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சொல்லித் தேய்த்துவிட்டோம்! ஓய்வு பெற்றுப் போன லொறி டிரைவருக்கும் இதைத்தானே சொன்னோம்? அவர் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார், அதோ பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். விஜயகலா டீச்சர் இங்கே இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார். "போதுங்கய்யா, புள்ளைகளுக்குக் கஞ்சி ஆறுது" என்று எழுந்து போயிருப்பார்.

ஆகவே நான் அவரைப் புகழப்போவதில்லை. நடந்ததைச் சொல்லப்போகிறேன். "நான் போன பிறகு சொல்லுங்கள்" என்று டீச்சரே என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

விஜயகலா டீச்சர் யார்? அரசாங்கக் கடதாசியில் அவர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். இந்தக் காப்பகத்தை நாம் புள்ளக் காம்பரா என்கிறோம், அதனால் நமக்கு அவர் புள்ளக் காம்பரா டீச்சர். தாய்மார் மலைக்கு ஏறும் நேரத்தில், பால் மறக்காத குழந்தை முதல் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை வரை எல்லாரையும் வாங்கி வைத்துக்கொண்டவர். அங்கே மரத்தடியில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறீர்களே இளவட்டங்கள், உங்களுக்கு மூக்குச் சிந்திவிட்டது யார்? நீங்கள் அழுதபோது உங்கள் தாயின் பழைய சேலையைத் தேடி எடுத்துப் போர்த்தித் தூங்கவைத்தது யார்? புருஷனை இளவயதிலேயே பறிகொடுத்து, ஒற்றைப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவர். ஆனால் வந்த நாள் முதல் அவருக்குப் பிள்ளை ஒன்றல்ல, தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனையும்.

கீழ்ப் பிரிவில் தேயிலை பிடுங்கிய பழைய மலையில் நம் ஆட்கள் சோளம் போடத் தொடங்கியதிலிருந்து இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கதிர் மாரியம்மனுக்கு. முதல் படி பிள்ளைக் காம்பராவுக்கு. "புள்ளப் படி" என்று சொல்லி, மஞ்சள் தடவிய துணியால் மூடி, வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுப்போம். டீச்சர் அதைச் சுளகில் புடைத்து, பொறுக்கி, வறுத்து, அரைத்து வைத்துக்கொள்வார். காலையில் கஞ்சியாகக் காய்ச்சி, கொஞ்சம் சர்க்கரை போட்டு, பிள்ளைகளுக்கு ஊட்டுவார். அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் இங்கே பாதிப் பேர் நடக்கப் பழகினீர்கள்.

நம் ஊர் மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா? தேயிலைக்கு அது அமிர்தம், தானியத்துக்கு எமன். கதிர் முற்றும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொள்ளும். என்ன செய்வோம்? கதிரைக் கட்டுக் கட்டாக லயத்து வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். புகை பட்டு மேலே கறுக்கும், காய்ந்துவிட்டது என்று நினைப்போம். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். உரித்துப் பார்த்தால் மணிக்கு மணி பூசணம், பச்சையும் சாம்பலுமாக. அதை எறிவோமா? நாமா? பஞ்சத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசுகள் நாம். கீழே விழுந்த ஒரு மணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள். துணியால் துடைப்போம், தண்ணீரில் அலசுவோம், சட்டியில் போட்டுச் சிவக்க வறுப்போம். "நெருப்புப் பட்டா எல்லாம் சரியாப் போகும்" என்போம். இதைச் சொல்லாத வீடு இந்தத் தோட்டத்தில் ஒன்று இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

டீச்சருக்கு ஒரு கவலை இருந்தது. மருத்துவ மாது வந்து பிள்ளைகளை நிறுக்கும்போதெல்லாம் அவர் முகம் வாடிப்போகும். வயிறு நிறையக் குடிக்கிற பிள்ளைகளுக்குக்கூட எடை ஏறவில்லை. "நான் பட்டினி போட்ட மாதிரில்ல இருக்கு? நான் நல்லாத்தானே ஊட்டுறேன்?" என்று என் மனைவியிடம் வந்து அழுதிருக்கிறார். தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தார். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கஞ்சியை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. கஞ்சியை யார் சந்தேகிப்பார்கள்?

தொண்ணூற்றெட்டாம் வருஷம்தான் முக்தார் அவர்கள் முதன்முதலில் இங்கே வந்தார். சோளம் போட்ட மலையைப் பார்த்தார், லயத்து அடுப்பைப் பார்த்தார், கடைசியில் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து கஞ்சி மாவைப் பார்த்தார். ஒரு பை மாவைக் கட்டிக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவர் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதே முன்றலில்தான் நின்றோம். முக்தார் அவர்கள் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். "டீச்சர், இந்த மாவுல நஞ்சு இருக்கு. பூசணம் சோளத்துக்குள்ள விடுற நஞ்சு. அளவுக்கு மேலேயே இருக்கு" என்றார்.

டீச்சர் கேட்டார், "கழுவினா போயிருங்களா சார்?"

"போகாது."

"நல்லா வறுத்தா?"

"பூசணம் சாகும். நஞ்சு சாகாது."

"கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தானே சார் குடுக்குறேன்?"

"அதுக்கும் போகாது டீச்சர். மாவா அரைச்சா கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஒடனே ஆள விழுத்தாது. கொஞ்சங் கொஞ்சமா ஈரலப் புடிக்கும். சின்னப் புள்ளைகள வளர விடாது."

நாங்கள் எல்லாரும் திரும்பி, உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தோம். டீச்சர் மட்டும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊட்டிய கை அல்லவா, அதனால்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு கேட்டார், "அப்ப என்னதாங்க செய்யிறது?"

"காயணும். அறுத்த கையோட, பூசணம் புடிக்கிறதுக்கு முந்தி, உள்ள வரைக்கும் காயணும். அவ்வளவுதான் மருந்து."

இந்த ஊரில் எங்கே காய்வது? வெயிலை எங்கே வாங்கப்போவது? டீச்சர் தலையை நிமிர்த்தி மலை உச்சியைப் பார்த்தார். அங்கே நம் ஸ்டோர், தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. மாடி முழுக்கக் கொழுந்து வாட்டும் தட்டு. கீழிருந்து சூடான காற்று வந்துகொண்டே இருக்கும். அவர் எதற்காக அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் அந்த ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் நான்.

நான் மூக்கை வைத்துப் பிழைக்கிறவன். அது உங்களுக்குத் தெரியும். தேயிலை பொல்லாத சாமான், பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் மணத்தை வாங்கிக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தவனைக்கூட நான் மாடியில் ஏற்றியதில்லை. அந்த மாடியில் சோளம் காயப்போட வேண்டும் என்று கேட்டால் என் நிலைமை என்ன? முடியாது என்றேன். மறுநாளும் வந்தார். முடியாது என்றேன். நான் தேநீரைச் சுவைத்துப் பார்க்கும் நேரமாகப் பார்த்து வந்து வாசலில் நிற்பார். வாயில் தேநீரை வைத்துக்கொண்டு எப்படி ஐயா திட்டுவது?

"சோளத்துக்கு என்னங்கய்யா வாசம்?" என்றார் ஒருநாள்.

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் மூக்குக்கு எல்லாம் மணக்கும்" என்றேன்.

உடனே மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். கொழும்புக்குப் போய் வந்த அதே மாவு. "எல்லாம் மணக்கும்னு சொன்னீங்கல்ல? இதுல இருக்குற வெசம் மணக்குதாங்கய்யா?"

முகர்ந்து பார்த்தேன். நல்ல வறுத்த சோள மணம். எனக்குப் பசிகூட எடுத்தது! குடையை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். அப்போதிருந்த துரை மாற்றலாகிப் போய்விட்டார், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். "பிஸ்ஸுத டீமேக்கர்?" என்றார். பைத்தியமா என்று கேட்டார். ஆமாம் சார், கொஞ்சம் அப்படித்தான் என்றேன். ஞாயிறு மத்தியானம் தட்டு காலியாகிவிடும், திங்கள் கொழுந்து வரும்வரை சும்மாதானே கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். தட்டில் கழுவிய சாக்கை விரிக்க வேண்டும், ஒரு மணி மிஞ்சக்கூடாது, தேயிலையில் மணம் ஏறினால் என் வேலை போகும். இவைதான் நிபந்தனை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள்! தாய்மார் எல்லாரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கதிர் மூட்டையைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு ஏறி வந்தீர்கள். திங்கட்கிழமைக் கொழுந்து தேயிலையாகி வந்ததும் நான் அதை ஊற்றி வாயில் வைத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்து நான் தேநீர் குடித்ததில்லை. சோள மணம் இல்லை. ஒன்றுமே இல்லை. வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். "என்னங்கய்யா?" என்றார். "போ, போய்ப் புள்ளைகளப் பாரு" என்றேன். அப்படியே ஓடினார்.

அதன் பிறகு அவர் கையில் ஒரு கண்ணாடிப் போத்தல் ஏறியது. முக்தார் அவர்கள் சொல்லிக்கொடுத்த வேலை. காய்ந்த போத்தலில் கொஞ்சம் உப்பும் சோளமும் போட்டுக் குலுக்கவேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளத்தில் ஈரம் இருக்கிறது, ஒட்டாவிட்டால் காய்ந்துவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கினார். போத்தலில் உப்பு ஒட்டினால் புள்ளப் படியை வாங்கமாட்டார். சாமிக்குக் கொண்டுபோன தேங்காயைத் திருப்பி அனுப்பியது போலத் தோட்டமே கொதித்துவிட்டது. யார் கொதித்தது என்று நான் பெயர் சொல்லமாட்டேன். இலட்சுமி, நீ தலையைக் குனியாதே, நீ ஒருத்தி மட்டுமா சண்டை போட்டாய்?

"எம் படிய வேணாங்குறதுக்கு நீ யாருடி? நீ என்ன கவர்மெண்டா?" என்று அன்று இந்த வாசலில் நின்று இலட்சுமி போட்ட சத்தம் மேல் பிரிவு வரைக்கும் கேட்டது. டீச்சர் என்ன சொன்னார்? "அக்கா, ஒங்க படிய நான் வேணாங்கல. ஈரத்தத்தான் வேணாங்குறேன். இங்க குடுங்க, நான் கொண்டு போறேன்" என்று அந்த மூட்டையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஏறினார். காயவைத்து, இறக்கிக் கொண்டுவந்து, இலட்சுமி கையிலேயே திருப்பிக் கொடுத்து, இலட்சுமி கையாலேயே காம்பராவுக்குப் படி போடவைத்தார். அன்றிலிருந்து டீச்சருக்குச் சுமை தூக்கிய முதல் ஆள் யார்? இதே இலட்சுமிதான். அழாதேம்மா. அழு, பரவாயில்லை. நானும் அழுகிறேன்.

தலைவர் இருளப்பன் அவர்களும் இலேசான ஆளில்லை. பிள்ளைகளுக்கு ஆகாத சோளத்தை மண்ணில் புதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டீச்சரிடம் போய், "மண்ணுக்குக் குடுக்குறத என் கோழிக்குக் குடுக்கக்கூடாதா?" என்று அதிகாரம் பண்ணினார். கோழிக்கும் கூடாது என்றார் டீச்சர். தலைவர் கேட்பாரா? தலைவராச்சே! குழியிலிருந்து அள்ளிக்கொண்டு போனார். குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. கண்ணேறு பட்டுவிட்டது என்று கூட்டில் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். மிஞ்சிய குஞ்சும் செத்தது. அதற்குப் பிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு டீச்சருக்குப் பின்னால் குழி வெட்டப் போனார். தலைவர் கோபிக்கவேண்டாம். அந்தக் கோழிக்குஞ்சுகள் இந்தத் தோட்டத்துக்குச் செய்த உபகாரம் பெரியது. எங்கள் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

பிள்ளைகள் தேறினார்கள். ஒரேயடியாக அல்ல. எல்லா நோயும் சோளத்தால் வந்தது, எல்லாச் சுகமும் அதைக் காயவைத்ததால் வந்தது என்று நான் கதை அளக்கமாட்டேன். தண்ணீரும் மாறியது, கக்கூசும் கட்டினார்கள். ஆனால் மருத்துவ மாது நிறுக்கும் நாளில் டீச்சர் முகம் வாடுவது நின்றது. அடுத்த முறை கொழும்புக்கு அனுப்பிய மாவில் நஞ்சு அளவுக்குள் அடங்கியிருந்தது. அந்தச் செய்தியை முக்தார் அவர்கள் சொன்னபோது டீச்சர் மாரியம்மனுக்குக்கூடப் போகவில்லை. நேரே ஸ்டோருக்கு வந்து, "ஒங்க மூக்குக்குக் கோடி புண்ணியமுங்கய்யா" என்றார். இந்தத் தோட்டத்தில் என் மூக்கை வாழ்த்திய ஒரே ஆள் அவர்தான்.

அன்பானவர்களே, இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

போன வருஷக் கடைசியில் டீச்சருக்கு உடம்பு மெலிந்தது. கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். இரத்தினபுரிக்குப் போனார், அங்கிருந்து மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஈரலில் கட்டி. பிந்திவிட்டது என்றார்கள். நானும் மனைவியும் பார்க்கப் போனோம். நிரோஷா தண்ணீர் எடுக்க வெளியே போன சமயம் பார்த்து, டீச்சர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அய்யா, முக்தார் சார் நஞ்சுன்னு சொன்ன அன்னைக்கு நீங்க எல்லாம் புள்ளைகளப் பாத்தீங்க. நான் என் கையப் பாத்தேன். ஞாபகம் இருக்குங்களா?"

இருக்கிறது என்றேன்.

"அதுக்கு முந்தி பொறுக்கின சோளத்தையெல்லாம் நான் என்ன செஞ்சேன்னு யாருமே கேக்கலீங்களே."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு அல்லவா, "பொடைச்சவளுக்குக் கழிசல்" என்று? புடைத்துப் பொறுக்கி ஒதுக்கியது புடைத்தவளுக்குச் சேரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முக்தார் அவர்கள் வந்த நாள்வரை, புள்ளப் படியில் நல்ல மணியை எல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, பூசணம் பிடித்ததை, கறுத்ததை, பொத்தலை எல்லாம் டீச்சர் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கழுவியிருக்கிறார். வறுத்திருக்கிறார். அரைத்து ரொட்டி சுட்டிருக்கிறார். பிள்ளைகளின் கஞ்சியில் தப்பித் தவறிக் கலந்ததே அளவுக்கு மேல் நஞ்சு என்றால், ஒதுக்கியதை மட்டுமே தின்றவளின் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கும்? முக்தார் அவர்கள் ஈரல் என்று சொன்ன அந்த நிமிஷமே டீச்சருக்கு அது விளங்கியிருக்கிறது. விளங்கிய பிறகுதான் அவர் போத்தலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார், இலட்சுமியின் மூட்டையைத் தலையில் சுமந்தார், என் வாசலில் வந்து நின்று சிரித்தார். அத்தனை வருஷமும் ஒருவரிடம் வாய் திறக்கவில்லை!

"நிரோஷாவுக்குக் குடுக்கலீங்கய்யா. அவளுக்கு ரேசன் அரிசியத்தான் வடிச்சுக் குடுத்தேன். ஒரு துண்டு ரொட்டிகூட அவ வாயில வைக்கல. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி."

நிரோஷா, அம்மா, நீ இதை இன்றுதான் கேட்கிறாய். இப்படிக் கூட்டத்தின் நடுவில் உனக்குச் சொல்கிறேனே என்று என் மனம் வலிக்கிறது. உன் தாய் அப்படித்தான் சொல்லச் சொன்னார். "இப்ப சொன்னீங்கன்னா எனக்காக இரக்கப்படுவாங்க. செத்தப்புறம் சொல்லுங்க. அப்பத்தான் பயப்படுவாங்க" என்றார்.

வைத்தியரைக் கேட்டேன். இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஈரல் நோய்க்குப் பல காரணம் உண்டு என்றார். நியாயமான மனிதர், தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் வராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொன்னார்: அந்தச் சோளத்தை யாரும் தின்னக்கூடாது.

ஏன் என்னிடம் சொன்னார் தெரியுமா? அவர் வேலை பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைக் காம்பராவுக்குள் வரும் சோளத்தை அவரால் காவல் காக்க முடிந்தது. உங்கள் வீட்டுச் சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியவில்லை. "புள்ளைக்கு நல்லதத்தான் போடுறாங்கய்யா. மிச்சத்த அவங்க திங்கிறாங்க. எத்தன தடவ சொல்லியும் கேக்க மாட்டேங்குறாங்க. சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் வறுக்குறாங்க" என்று கண்ணீர் விட்டார். தன் உயிர் போவதற்காக அவர் அழுது நான் பார்க்கவில்லை. உங்களுக்காக அழுததைப் பார்த்தேன்.

தாய்மாரே, ஏன் இப்படிச் செய்கிறோம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் ஸ்டோரில் தயாராகும் நல்ல தேயிலை எல்லாம் பெட்டியில் கொழும்புக்குப் போகிறது. நமக்குக் கிடைப்பது தூசித் தூள். தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்துக் குடித்து, நல்லது என்றால் அது வேறு யாருக்கோ, தூசி என்றால் அது நமக்கு என்று நம் இரத்தத்தில் ஊறிவிட்டது. ஆம்பளைகள் தூசியைக் குடிக்கிறோம். பொம்பளைகள் அந்தத் தூசியிலும் மிஞ்சியதைக் குடிக்கிறீர்கள். தியாகம் என்று இதற்குப் பெயர் வைத்து மேடையில் நாம் கைதட்டுகிறோம். இது தியாகமா? நஞ்சு என்று தெரிந்தும் தின்பதற்குத் தியாகம் என்றா பெயர்?

ஊருக்குப் புத்தி சொல்கிறேனே, இன்று காலையில் என் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். இந்தக் கூட்டத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். என் மனைவி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் நடுவில் நல்ல மணி, ஓரத்தில் கறுத்தது ஒரு குவியல். "இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லது பேரப்புள்ளைக்குங்க. இது எனக்கு. ஒரு ரொட்டிக்கு ஆகும்."

டீமேக்கர் பங்களாவில்! விஜயகலா டீச்சரை மஹரகமையில் போய்ப் பார்த்து, கையைப் பிடித்து அழுதுவிட்டு வந்தவள்! நான் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. "கீழ கொட்டுறதுக்கு மனசு வரமாட்டேங்குதுங்க" என்றாள். அந்த மனதைத்தான் நீங்கள் எல்லாரும் வைத்திருக்கிறீர்கள். அந்த மனதால்தான் டீச்சரும் போனார்.

ஆகவே, டீச்சர் பெயரால் ஒரு சிலை வைப்போம், மண்டபம் கட்டுவோம் என்று நான் கேட்கப்போவதில்லை. என் உடம்பில் உயிர் இருக்கும்வரை, இந்தத் துரை அவர்களும் மனம் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை மாடி உங்கள் சோளத்துக்குத்தான். துரை தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்! போத்தலையும் உப்பையும் இலட்சுமி ஏற்றுக்கொள்கிறாள். நேற்றே என்னிடம் சொல்லிவிட்டாள். அது நடக்கும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

எனக்கு வேண்டியது வேறு. காம்பராவுக்குப் பின்னால் தலைவர் இன்று காலையிலேயே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார். கூட்டம் முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போகும்போது, நேரே குசினிக்குப் போங்கள். டின்னைத் திறந்து பாருங்கள், பானையைப் பாருங்கள், சுளகைப் பாருங்கள். உங்களுக்கென்று ஒதுக்கி வைத்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள். தானியத்தை மண்ணில் கொட்டுவது பாவம் என்று மனம் அடித்துக்கொண்டால், அந்தப் பாவத்தை டீமேக்கர் செல்லையா ஏற்றுக்கொண்டான் என்று சொல்லிக் கொட்டுங்கள். என் மனைவி இதோ உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு துணி மூட்டை வைத்திருக்கிறாள், பார்த்தீர்களா? நான் சொல்லிக் கொண்டுவரவில்லை. வரும் வழியில் அவளேதான், "நான் மொதல்ல கொட்டுறேன்" என்றாள்.

விஜயகலா டீச்சர் அவர்களே! உங்கள் பிள்ளைகளை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். அவர்களின் தாய்மாரைக் காப்பாற்ற உங்களுக்கு நாள் போதவில்லை. அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இந்தத் தோட்டத்தில் கழிசலைத் தின்று செத்த கடைசித் தாய் நீங்களாகவே இருக்கவேண்டும்.

எழுந்திருங்கள் அம்மா. இனி யாரும் பேசவேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சுளகை எடுத்துக்கொண்டு வாருங்கள்.